துரும்பு

விருதுக்கான பரிந்துரையைத் தட்டச்சு செய்தவன் நான்.
லே முகாம், மூன்றாம் எண் அறை,
மண்ணெண்ணெய் அடுப்பு கக்கும் புகை.
சம்பவ விவரத்துக்கு ஒன்றரைப் பக்கம்தான் இடம்.
மிஞ்சினால் தில்லியில் படிக்கமாட்டார்கள் என்றார் மேஜர்.

நாயக் துந்துப் நுர்பூ, வயது முப்பத்தொன்று.
பதினெட்டாயிரம் அடியில் பெயரில்லாத முகடு,
எண் மட்டும் உண்டு.
பிப்ரவரி, இரவு இரண்டு பத்து.
எதிர்முகட்டில் இயந்திரத் துப்பாக்கி விழித்துக்கொண்டது.
சரிவில் மூவர் கிடந்தார்கள்.
ஒருவனை இழுத்து வந்தார்.
ஒருவனைச் சுமந்து வந்தார்.
மூன்றாமவனை
மணல்மூட்டைக்கு இந்தப் பக்கம் உருட்டிவிட்டு
அந்தப் பக்கமே தங்கிவிட்டார்.

இதன் கீழே
பழைய கோப்பிலிருந்து ஒரு வரியை எடுத்துச் சேர்த்தேன்.
எல்லாப் பரிந்துரையிலும் வருகிற வரி,
இல்லையென்றால் திருப்பி அனுப்புவார்கள்:
தன் உயிரைத் துரும்பென மதித்து.

மாளிகையில் அதை வாசிக்க நாற்பது நொடி ஆனதாம்.
பளிங்குத் தரையில் புதுச் செருப்பு வழுக்குமோ என்ற பயத்தில்
யாங்டோலின் காதில் ஒன்றும் விழவில்லை.

அக்டோபரில் வந்தாள், ஓய்வூதியத் தாளோடு.
பிளாஸ்டிக் உறையிலிருந்து பாராட்டுப் பத்திரத்தை உருவி
என் மேசைமேல் வைத்தாள்.
எழுதியது நீங்களா?
ஆமாம்.
சொல் சொல்லாகச் சொல்லுங்கள், எனக்கு இந்தி பாதிதான் வரும்.

சொல்லிக்கொண்டே போனேன்.
துரும்பில் விரல் வைத்தாள்.

"துரும்பென்றால், காய்ந்த புல்தானே?"
புல்தான். அற்பமானது என்று அர்த்தம்.
"யாருக்கு?"

நான் ரோத்தக்காரன்.
அறுப்பு முடிந்ததும் தாளை வயலிலேயே கொளுத்துகிறவர்கள் நாங்கள்.
பதில் தெரியவில்லை.

அவள் சொன்னாள்:
"விடுப்பில் வந்தால் முதலில் கூரைக்குத்தான் ஏறுவார்.
புல்கட்டுகளை எண்ணுவார். எண்பத்தாறு.
மறுநாளும் எண்ணுவார்.
மார்ச்சில் மாடு எதைத் தின்னும்?
காற்று பறித்துப்போன ஒற்றைத் தாளுக்காக
வாய்க்கால்வரை ஓடியிருக்கிறார்,
நான் சிரித்திருக்கிறேன்.

பேருந்தில் பள்ளத்துப் பக்கம் உட்காரமாட்டார்.
கேஸை மூடிவிட்டு எழுந்துபோய் மறுபடி மூடுவார்.
மூன்று ஜோடி காலுறை.
இருமினால் பயந்துவிடுவார், ஐயா,
அவ்வளவு உயிராசை.
இது வேறு யாரோ.
இதை அடித்துவிடுங்கள்."

அரசிதழில் வந்துவிட்டது, அம்மா.

அவள் எழுந்திருக்கவில்லை.
அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றியது.

பிறகு, ஏனென்று தெரியாமல்,
அடியிலிருந்த சாட்சியக் கோப்பைப் பிரித்தேன்.
லால்ரினாவ்மா, சிக்னல் பிரிவு, மிசோரம்.
மூன்றாவதாக வந்தவன்.
அவன் சொன்னதில் நான் எழுதி
மேஜர் சிவப்பில் அடித்த ஒரு வரி:

"என்னிடம் வருமுன் பாறை மறைவில் உட்கார்ந்து
கையுறையைக் கழற்றி
பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார்.
மெதுவாக. இரட்டை முடிச்சு.
குண்டு பறந்துகொண்டிருந்தது.
நான் அவரைத் திட்டினேன்."

அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"எந்தக் கால்?"

அது தாளில் இல்லை.
சண்டிமந்திர் மருத்துவமனைக்குத் தொலைபேசினேன்,
இருபது நிமிடம் யார் யாரையோ கேட்டு
கடைசியில் அந்தப் பையனின் குரல்.
கேள்வி புரியவே அவனுக்கு நேரமாயிற்று.
இடது, என்றான்.

இடது, என்றேன்.

யாங்டோல் தலையாட்டினாள்.
"அதுதான் எப்போதும் தளரும்.
வீடு திரும்புகிற வழியில் விழுந்துவிடக் கூடாதென்று
இறங்குமுன் கட்டுவார்."
உதட்டைக் கடித்துக்கொண்டு
பத்திரத்தை உறைக்குள் செருகினாள்,
தலைகீழாக.

போனபின் பென்சில் எடுத்து
சிவப்புக் கோட்டின் ஓரமாக எழுதிவைத்தேன்:
இடது கால், இரட்டை முடிச்சு.

தணிக்கையில் கேட்டால்
அழித்துக்கொள்ளலாம்.