தட்டில் ஆறு மணி

நாற்பத்து மூன்று டிகிரி.
ஏசியும் அடுப்பும் சேர்ந்து ஓடினால்
எங்கள் கிளெம்சிக் வீட்டுக்கு மூச்சடைத்துவிடும்,
ஃபியூஸ் போய் ஃபிரிட்ஜும் ஊமையாகிவிடும்.
ஏசியைத் தேர்ந்தெடுத்தேன்.
அடிலெய்டின் இந்த ஜனவரியில்
ஆறு மணிக்கு எட்டுப் பேர் வருகிறார்கள்
எங்கள் புது சோபாவைப் பார்க்க.

அடுப்புப் பற்றவைக்காமல் விருந்தா
என்றார் பரஞ்சோதி.
குழாயைத் திறந்தால் ரசம் வைக்கிற சூட்டில் வருகிறது,
வேண்டுமானால் அதைக் குடியுங்கள் என்றேன்.

பெரிய தட்டு இல்லை.
இருந்த ஒன்று, போன தீபாவளிக்கு
அதிரசத்தோடு எழிற்கோ வீட்டுக்குப் போனது.
அதிரசம் நன்றாக இருந்ததாகச் செய்தி வந்தது,
தட்டு வரவில்லை.

மைக்ரோவேவைத் திறந்து
அதன் கண்ணாடிச் சக்கரத்தை உருவினேன்.
கழுவித் துடைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது.

சூரியகாந்தி செய்வதாகத்தான் திட்டம்.
வெள்ளரிக்காயில் தேறியது பன்னிரண்டு வட்டம்,
மீதி வெட்டும்போதே வாய்க்குப் போனது.
ஒவ்வொன்றின் மேலும் ஒரு தடவல் சீஸ்.
அதன்மேல் கோலிக்குண்டுத் தக்காளியில் பாதி,
வெட்டிய பக்கம் கீழே, பளபளப்பு மேலே.
இடைவெளிகளில் கறுப்புத் திராட்சை.
நடுவில் டப்பா ஹம்மஸ், கரண்டி முதுகால் ஒரு சுழி,
சுழிக்குள் எண்ணெய்,
எண்ணெய்க்குள் மிளகாய்த்தூள். நம்மூர்த் தூள். கொஞ்சம் தாராளம்.

தள்ளி நின்று பார்த்தேன்.
சூரியகாந்தி இல்லை.
சுவர்க்கடிகாரம்.

சரி என்று
கேரட்டில் இரண்டு முள் சீவி வைத்தேன்,
குட்டை முள் ஆறைப் பார்த்து, நெட்டை முள் பன்னிரண்டைப் பார்த்து.
பரஞ்சோதி மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து
நொடி முள் எங்கே என்றார்.
வெங்காயத்தாள் ஒன்றை நீட்டினேன்,
மெல்ல ஏதாவது இருந்தால் பேசமாட்டார்.

ஐந்து ஐம்பத்தெட்டுக்கு
கதவுக் கண்ணாடியில் நிழல்.
பக்கத்து வீட்டு கிளெனிஸ்.
முப்பது வருடம் ரயிலுக்கு விசில் ஊதியவர்.
இரண்டு நிமிடம் வெயிலில் நின்றுவிட்டுத்தான்
மணியை அழுத்தினார்.
சோபாவில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து
நல்ல சோபா என்றார்.
தட்டைப் பார்த்தார்.
தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
இரண்டும் ஒத்துப்போனதில் அவருக்கு அப்படியொரு நிம்மதி.
ஆறை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

மற்ற ஏழு பேர் நம் ஆட்கள்.
ஆறரைக்கு வந்தது, கிளம்பிட்டோம் என்று ஒரு செய்தி.
குளிக்கப் போகிறார்கள் என்று அர்த்தம்.

கிளெனிஸ் ஏழைச் சாப்பிட்டார்.
ஒவ்வொரு தடவையும் குட்டை முள்ளை
அடுத்த வட்டத்துக்கு நகர்த்தி வைத்தார்.
சீஸுக்கு வியர்த்தது.
ஹம்மஸின் ஓரம் காய்ந்து நிறம் மாறியது.
அவருடைய பேரனின் நாய்க்கு
முழங்கால் அறுவைச் சிகிச்சை ஆனதை
முழுவதும் கேட்டு முடித்தோம்.

கார்கள் வந்து நின்றபோது
தட்டில் மணி எட்டு.
நிஜத்திலும் எட்டுதான்.
வைரமணியின் பையன் செருப்பைக் கூடக் கழற்றாமல் ஓடிவந்து
நெட்டை முள்ளைக் கடித்தான்.
அதன்பிறகு நேரம் என்று எதுவும் நிற்கவில்லை,
பன்னிரண்டும் ஒன்றும் ஒரே வாயில் போயின,
நடுவை யாரோ முறுக்கால் வழித்தார்கள்,
காரம் ஏறிய கிளெனிஸ்
தண்ணீர் கேட்டு விசிலடித்தார்.

எழிற்கோவின் மனைவி செண்பகவடிவு
கேசரி கொண்டுவந்திருந்தாள்,
பெரிய எவர்சில்வர் தட்டில்.
விளிம்பில் என் பெயர் வெட்டியிருக்கிறது,
எங்கள் கல்யாணத் தேதியோடு.
எங்க வாங்கினேன்னே ஞாபகம் இல்ல,
நல்ல கனம், இல்ல? என்றாள்.
பரஞ்சோதி என்னைப் பார்த்தார்.
நான் சோபாவைப் பார்த்தேன்.

பத்து மணிக்கும் வெளியே முப்பத்தாறு டிகிரி.
கேசரி தீர்ந்த தட்டைக் கழுவித் துடைத்தேன்.
வெறும் தட்டாகக் கொடுக்கக் கூடாதே என்று
மிஞ்சிய திராட்சையை ஒரு கொத்து வைத்து
கார் வரைக்கும் போய் நீட்டினேன்.
வாங்கிக்கொண்டு போனாள்.

கண்ணாடிச் சக்கரத்தைத் திரும்பப் பொருத்தி,
ஏசியை நிறுத்திவிட்டு,
பரஞ்சோதிக்கு ஒரு தம்ளர் பால் வைத்தேன்.
துடைக்க விட்டுப்போன சீஸ் பொட்டு ஒன்று
வெளிச்சத்துக்குள்
சுற்றிச் சுற்றி வந்தது.