ஏழாம் மாடிக்கு நாலு வாட்

வங்கியில் எங்கள் பணம் இருக்கிறது
என்று வங்கி சொல்கிறது.
எடுக்கத்தான் முடியாது.
அதனால் திரிப்போலி பொற்கடைத் தெருவில்
ஏழு வளையல்களைத் தராசில் வைத்தேன்.
கழற்ற சோப்பு தேவைப்பட்டது;
இருபது வருடத்தில் மணிக்கட்டும் ஏறியிருந்தது,
தங்கத்தின் விலையும்.

எட்டுப் பலகைகள், ஒரு இன்வெர்ட்டர்,
முழங்கால் உயரத்தில் ஒரு லித்தியம் பெட்டி.
நாலாயிரத்து முந்நூறு டாலர்.
பொருத்த வந்தவன் கூலிக்கு மேல்
ஒரு தட்டு கிப்பேயும் தின்றுவிட்டுப் போனான்.
அதையும் நோட்டில் எழுதினேன்.

அதற்கு முன்பு ஃபர்ஹாத்தின் ஜெனரேட்டருக்கு
மாதம் எழுபது, ஐந்து ஆம்பியருக்கு.
கெட்டில் கொதிக்கும்போது மறந்துபோய் இஸ்திரியைத் தொட்டால்
வீடு கண்ணை மூடிக்கொள்ளும்.
யாராவது ஆறு மாடி இறங்கி
விசையைத் தூக்கிவிட்டு
ஆறு மாடி ஏற வேண்டும்.
எழுபதால் வகுத்துப் பார்த்தேன்:
ஐந்து வருடமும் கொஞ்சம் சில்லறையும்.
டீசல் விலை இறங்காமல் இருந்தால்.

இப்போது ரேடியோவில் டீசல் ஏறிற்று என்றால்
என் கணக்கு உள்ளுக்குள் சிரிக்கிறது.
எதிர்க் கட்டிடத்தில் ஒவ்வொரு ஜன்னலாக இருட்டும்போது
நான் திரையை இழுத்து விடுகிறேன்.
இதை நோட்டில் எழுதவில்லை.

வெயிலுள்ளபோதே துவைத்துக்கொள்.
நண்பகலில் சுற்றுகிறது எந்திரம்,
நண்பகலில் வேகிறது கொண்டைக்கடலை,
நண்பகலில் தலைக்குக் குளிக்கிறேன்.
ஜெனரேட்டர் ஓய்ந்த இரவில்தான் தெரிந்தது
கடல் இவ்வளவு பக்கம் என்று,
ஐந்தாம் மாடிக்காரர்கள்
இவ்வளவு சண்டை போடுகிறார்கள் என்று.
முன்திர் தூக்கத்தில் எண் சொல்கிறான்.
முன்பெல்லாம் என் பெயர் சொல்வான் என்றில்லை.
ஆனாலும், நாற்பத்திரண்டு சதவீதம்!

பிற்பகல் மூன்று மணிக்கு
வதீஃயின் தண்ணீர்த் தொட்டி
எங்கள் ஏழாவது பலகைமேல் நிழலைப் போடும்.
ஒன்று சோர்ந்தால் வரிசையே சோரும்.
தொட்டியைக் கொஞ்சம் நகர்த்துங்கள் என்றோம்.
‘தொட்டி தொண்ணூற்றாறிலிருந்து இங்கே நிற்கிறது,
உங்கள் வெயில் நேற்று வந்தது’ என்றான்.
மூன்று வாரம் படியில் முகம் பார்க்கவில்லை.

பிறகு அவனே கதவைத் தட்டினான்.
மகள் மான்ட்ரியலுக்குப் போகும்போது
விட்டுச் சென்ற மீன்கள், பதினொன்று.
மின்சாரம் போனால் குமிழி நின்றுவிடுகிறது,
இரவெல்லாம் குவளையால் மொண்டு மொண்டு
ஊற்றிக்கொண்டிருக்கிறானாம்.
தொட்டி நகர்ந்தது இரண்டு மீட்டர்.
எங்கள் ஜன்னலிலிருந்து ஆரஞ்சு நிற வயர் ஒன்று
மேலே ஏறிற்று, நாலு வாட்டுக்கு.

ஜனவரியில் கடல் மேகம் நகரவே இல்லை.
ஐந்தாம் நாள் இரவு, ஒன்பது சதவீதம்.
பாலைப் பால்கனிக் குளிருக்கு மாற்றி
ஃப்ரிட்ஜை அணைத்தோம், பிறகு இணையப் பெட்டியை,
பிறகு கூடத்து விளக்கை.
மிச்சம் அந்த வயர்.
‘நாலு வாட் ஒன்றுமில்லை’ என்றேன்.
‘நாலுக்காக இன்வெர்ட்டர் விழித்திருக்க வேண்டும்,
அது விழித்திருக்கவே ஐம்பது தின்னும்’
என்றான் முன்திர்.
சரிதான். கணக்கில் அவன் தவறியதில்லை.
டார்ச்சோடு பெட்டி முன்னால் குந்தினான்,
விசைமேல் விரலை வைத்தான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவனும் அழுத்தவில்லை.
வெகுநேரம் அப்படியே இருந்துவிட்டு
எழுந்து வந்து
சில்லென்ற பாதங்களை என் கால்மேல் வைத்தான்.

காலை எட்டே காலுக்கு
மேகத்தில் ஒரு கிழிசல்.
முதல் பலகை நனைந்த கண்ணாடியாய் மின்னிற்று.
படிக்கட்டுக் குழிக்குள்
மேலேயிருந்து வதீஃயின் குரல்:
‘பதினொன்று!’
முன்திர் போனைப் பார்த்துக்கொண்டே
மேல்நோக்கிக் கத்தினான்:
‘இங்கே நாலு!’