மூன்றாம் பருவம், நான்காம் தாள்

தாளின் பெயர்
சமகால ஜப்பான்: சமூகமும் பண்பாடும்.
தில்லியிலிருந்து கீழக்கரைக்கு
படிப்பு விடுமுறையில் நான் சுமந்து வந்தது
கட்டில் கொள்ளாத நகல் தாள்கள்.
உம்மா அதன்மேல் வைத்துத்தான் வெங்காயம் உரித்தாள்.
குறையும் பிறப்பு விகிதத்தில்
இன்னும் அந்த வாடை.

அலகு மூன்றில் ஒரு சொல்: அகியா.
ஆளில்லாத வீடு.
வாரிசு வராமல், விற்கவும் போகாமல்,
கூரையில் மூங்கில் நுழைந்த பிறகும்
வரிச் சீட்டு மட்டும் வந்துகொண்டிருக்கும் வீடு.
இலட்சக்கணக்கில் என்கிறது அட்டவணை.
அதன் முதல் எழுத்து
வெறுமைக்கும் வானத்துக்கும் ஒன்றேதான்.

படித்ததும் நம் 'வெளி' வந்து முன்னால் நின்றது.
வானமும் வெளி,
ஒன்றுமே இல்லாததும் வெளி,
அப்புறம் நடுத்தெருவில் பாதிப் பேர்
போயிருக்கிற நாடும் வெளிநாடு.
கை பரபரத்தது.
ராத்திரியோடு ராத்திரியாக எழுதி அனுப்பினேன்:
கீழக்கரையும் ஒரு ஜப்பான்.

ஓரத்தில் சிவப்பில் பதில் வந்தது.
'ஒப்பீடு அழகு. அதனால்தான் சந்தேகம்.
அங்கே யாரும் வரப்போவதில்லை.
உங்கள் ஊரில்?'

எங்கள் ஊரில்
சதக் காக்காவிடம் பதினாலு வீட்டுச் சாவி.
வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து
ஸ்கூட்டரை எடுப்பார்.
மோட்டார் ஓட்ட, விளக்குப் போட்டுப் பார்க்க,
உப்புக்காற்று தின்றுவிடாமல்
ஏசிகளைப் பத்துப் பத்து நிமிஷம் உறும விட.
வீட்டுக்கு எழுநூறு ரூபாய்,
ஷார்ஜாவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும்
ஜிபேயில் விழும்.
இந்த வாரம் பின் சீட்டில் நான்,
மடியில் நோட்டு.

நாலாவது வீட்டில்
குழாய் முதலில் இருமியது,
பிறகு தேயிலை நிறத்தில் தண்ணீர்.
பிளாஸ்டிக் உறை கிழிக்காத பதினொரு மெத்தைகள்
சுவரோரம் நின்றன,
டோக்கியோவில் ரயிலுக்கு நிற்பவர்கள் போல
என்று எழுதி
அடித்தேன். இதுவும் அவசரம்.

"கல்யாணம்னா நாப்பத்திமூணு பேரு வருவாங்க தங்கச்சி.
ஃபியூஸ் போயிரும்."
கடைசிக் கல்யாணம் எப்போ காக்கா?
விரல் விட்டு எண்ணினார்.
ஒரு கை முடிந்து
மறு கைக்குப் போனார்.

அப்போது ஷார்ஜா கூப்பிட்டது, வீடியோவில்.
குளியலறை டைல்ஸ் விரிசலைக்
காட்டச் சொன்னாள் மர்ஜானா லாத்தா.
போனைப் பிடித்தது நான்.
"ஆரு புள்ள நீ? என்ன படிக்கிறே?"
ஜப்பான்.
"அதுல படிக்க என்ன இருக்கு?"
பூட்டின வீடு, என்றேன்.
முகம் அப்படியே உறைந்தது.
சிக்னலா, வேறெதுவுமா, தெரியவில்லை.
திரும்ப அசைந்தபோது
"அந்த ஜன்னலச் சாத்து, புழுதி வருது" என்றாள்.

சமையலறையில் ஒரு சோற்றுக் குக்கர்.
லாத்தாவின் மாமனார்
கப்பல் வேலையில் ஒசாகா துறைமுகத்தில் வாங்கியதாம்.
செங்கல் கனத்தில் கூடவே ஒரு டிரான்ஸ்பார்மர்.
நாலு பொத்தான்.
முப்பது வருஷம் அழுத்தி அழுத்தி
ஒன்றில் எழுத்தே இல்லை; வீட்டில் அதற்குப் பெயர்
சோத்து பட்டன்.
மற்ற மூன்றையும் யாரும் தொட்டதில்லை.
அதிலொன்றில் இரண்டு எழுத்து,
போன பருவம் நான் தப்பாக எழுதி
ஒரு மதிப்பெண் விட்டவை:
காத்தல். வெப்பம்.
சூடு ஆறாமல் வை.

அழுத்தினேன்.
ஆரஞ்சு விளக்கு எரிந்தது.
உள்ளே ஒன்றுமில்லை, தெரியும்.
ஆனாலும் கையை விட்டுப் பார்த்தேன்,
அடிப்பாத்திரம் மெல்லச் சுட ஆரம்பித்திருந்தது.
பேனாவைத் திறப்பதற்குள்
சதக் காக்கா பிளக்கைப் பிடுங்கினார்.
"மீட்டர் ஓடுது தங்கச்சி.
இன்னும் பத்து வீடு கெடக்கு."