இரண்டு தசம் இரண்டு

விற்றவனின் விரல்களைத்தான் முதலில் எண்ணினேன்.
பத்தும் இருந்தன.
அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.
"பிளவுத்தகடா? மேல்மூடியா?
அதெல்லாம் ஒருத்தரும் பூட்டுறதில்ல மிஸ்,
வேலைக்கு இடைஞ்சல்" என்றான்,
பஞ்சிகாவத்தையில், மழைக்கு இழுத்த தார்ப்பாயின் கீழ்
என் காசைப் பத்து விரலாலும் எண்ணியபடி.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை.
கார் இல்லாத கராஜ்.
ஆறு மணிக்குப் பிறகு சத்தம் கூடாது,
அது மிஸிஸ் அபேவர்தனவின் ஒரே நிபந்தனை.
மேசைவாளின் நாலு காலும் நாலு பக்கம் பார்த்தன.
ஒன்றின் கீழ் இரண்டு வாசர்,
இன்னொன்றின் கீழ்
யாரும் வாங்காத ஐம்பது சதம்.

ஒரே இரவில் உப்புக்காற்று
வார்ப்பிரும்பில் செம்மண் நிறத்தில் கையெழுத்து வைத்தது.
மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்து
மெழுகுதிரி பூசினேன்.
வழுக்க வேண்டியது பலகை, நானல்ல:
தரைக்கு ரப்பர் விரிப்பு.

பிளக்கைக் கழற்றிக் கண்ணுக்கு முன்னால்
கதிரையில் வைத்துவிட்டு,
வாளின் ஒரே ஒரு பல்லுக்குப் பேனையால் பொட்டு வைத்தேன்.
முன்னால் அளந்து, சுழற்றி,
அதே பல்லைப் பின்னால் அளக்கும்போது
அளுத்கம ரயில்.
மேசை, ஸ்கொயர், என் முழங்கை
எல்லாம் அது போய் முடியும்வரை நடுங்கின.
திரும்ப முதலிலிருந்து.

பலகைக்கு வழிகாட்டும் நீளச் சட்டத்துக்கு
நான் வேலி என்றே பெயர் வைத்தேன்.
பின்பக்கம் உள்ளே சாய்ந்தால்
பலகையை வாளோடு நெருக்கும்.
அப்பாவின் ஆட்கள் ஒரு சாண் வேலிக்குப்
பருத்தித்துறைக் கோட்டில் பதினேழு வருடம் ஏறி இறங்கியவர்கள்.
எனக்கு அரை மில்லிமீட்டர்.
விட்டுக்கொடுக்கவில்லை.

பிளவுத்தகட்டுக்கு மூன்று சனிக்கிழமை அலைந்தேன்.
கடைசியில் மாளிகாவத்தையில், நிலாப்தீனின் லேத் பட்டறை.
"இதில கூர் இல்ல, இது வெட்டாது.
பின்ன எதுக்கு?"
"வெட்டுப்பட்ட மரம் சும்மா கிடக்காது நானா.
உள்ளுக்கு முறுக்கு இருந்தால்
திரும்ப ஒட்டப் பார்க்கும்.
ஒட்டப் போய் வாளைக் கவ்வும்.
கவ்வினால் வாள் பலகையைத் தூக்கி
என்ர வயிற்றுக்கு எறியும்."
அவர் வாளைத் திருப்பிப் பார்த்தார்.
உடல் ஒன்று தசம் எட்டு.
பல் போகும் வழி இரண்டு தசம் ஆறு.
"அப்ப இரண்டு தசம் இரண்டு" என்றார்,
உருக்குத் தகட்டில் சோக்கால் கோடு போட்டுக்கொண்டே.

ஞாயிறு பின்னேரம்.
மேல்மூடி பூட்டியாயிற்று.
கையுறை இல்லை: துணியைப் பல் பிடித்தால்
கையையும் கூட்டிக்கொண்டு போகும்.
பின்னலைச் சட்டைக்குள் விட்டேன்.
வளையல் கழற்றினேன்.
மோதிரம் போன வருடமே கழற்றியது.
பலகைக்கு மேலே ஒரு பல்லளவு வாள்.
அதன் நேருக்கு நிற்காமல் இடப்பக்கம் நான்,
நேர் பின்னால் சுவர்,
சுவரில் காப்புறுதிக் கம்பனி காலண்டர் மட்டும்.

கினிசப்பு. முதல் பலகை.
பாதி அரிபடும்போது
கதிரையில் போன் வெளிச்சம் போட்டது.
சத்தம் கேட்கவில்லை, ஆனால்
இந்த நேரத்தில் சுகிர்தன்தான் எடுப்பான்.
பார்க்கவில்லை.
கடைசிச் சாணுக்குக் கையை விலக்கித்
தள்ளுகட்டையால் தள்ளினேன்,
தகட்டையும் தாண்டும்வரை.
முழங்காலால் சுவிட்சை அமத்தினேன்.

அணைத்த பிறகும் வாள் தன் பாட்டில் சுற்றும்.
அப்போது அழகாகவும் இருக்கும்,
பற்கள் ஒவ்வொன்றாய்த் தெரிய வரும்.
கையை நீட்டக்கூடாத நேரம் அதுதான்.
எண்ணினேன். பதினொரு செக்கன்.
பொட்டு வைத்த பல் மேலே வந்து நின்றது.

போனும் நின்றிருந்தது.
இரண்டு துண்டும் உள்ளே வளைந்து
தகட்டை இரு பக்கமும் நெரித்துக்கொண்டு கிடந்தன.
பிளக்கைக் கழற்றிப்
போனுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
இழுக்கக் கொஞ்சம் பலம் வேண்டியிருந்தது.

ஐந்து நாற்பது.
ஆறுக்கு இன்னும் இருபது நிமிடம்.
மரத்தூளைத் தட்டிவிட்டு
அடுத்த பலகையின் முறுக்கைப் பார்க்க
கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.