திருப்பிய காரணம்

இரண்டாவது மாடி, நைட்டி பிரிவு. என் பொறுப்பு.
கீழே பட்டு. மேலே பள்ளிச் சீருடை.
அணைக்கட்டு, ஊசூர், கணியம்பாடி பஸ்களில் வந்திறங்கும்
ஐந்து பெண்கள். உட்கார நான்கு ஸ்டூல்.
ஒன்பதரைக்கு மேல் கையெழுத்துப் போட்டால்
அரை நாள் கழிக்க வேண்டியவள் நான்.
என் கடிகாரமும் பல நாள் மெதுவாகத்தான் ஓடுகிறது.

ஆஸ்பத்திரி இங்கிருந்து நடக்கிற தூரம்.
காட்பாடியில் கொல்கத்தா ரயில் நின்ற மறுநாள்
தளம் முழுக்க வங்காளம்.
"சாம்னே போதாம்" என்று அவர்கள் கேட்க,
போதும் என்கிறார்களாக்கும் என்று
விரித்ததையெல்லாம் மடித்து வைத்த காலம் உண்டு.
போதாம் என்றால் பொத்தான்.
முன்பக்கம் பொத்தான் வைத்தது வேண்டும்.
எதற்கென்று ஜீவரேகாதான் முதலில் கண்டுபிடித்தாள்:
கையைத் தூக்க முடியாதவர்களுக்கு,
மார்பில் தையல் போட்டவர்களுக்கு,
விலாவில் குழாய் தொங்குகிறவர்களுக்கு.

அதிலிருந்து வாரம் நாற்பது உருப்படி கேட்டு வாங்குகிறேன்.
"லாபமில்லாத அயிட்டம், இத்தனை எதுக்கும்மா?"
ஓடுது சார், என்பேன்.

போன மாதம் ஒரு செவ்வாய், சாப்பாட்டு நேரம் முடிந்து
ஒருவர் மூன்றைத் திருப்பிக் கொண்டுவந்தார்.
ஊதாப் பூ, பழுப்பு, மறுபடியும் ஊதாப் பூ.
விலைச்சீட்டு பிரியவில்லை.
பில்லை நாலாக மடித்துக் கண்ணாடிக் கூட்டில் வைத்திருந்தார்.
எட்டு நாள் கெடு. அது பதினோராம் நாள்.
பணம் வாபஸ் இல்லை என்று
சுவரில் தமிழில் எழுதியிருக்கிறது, இந்தியிலும்.

ஊருக்கு அனுப்பிவிட்டார்களா,
அதற்கு முன்னாலேயே ஏதாவதா.
என் வங்காளம் நிறம், விலை, எண்ணோடு சரி.
அவர் பழுப்பு நைட்டியின் மடிப்பை
மேசைமேல் நீவிக்கொண்டே இருந்தார்,
கடைப் பையனைப் போல, ஒழுங்காக.

பாரத்தில் மூன்றே கட்டங்கள்:
அளவு. நிறம். கிழிசல்.
அளவில் டிக் போட்டேன்.
எட்டாம் நாள் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.
பணமாகவே கொடு என்று கேஷுக்குப் போன் போட்டால்
"யாருக்கா சொன்னது?" என்றான் தமீம்.
நான்தான்டா.

மாதக் கடைசிக் கூட்டத்தில்
என் பிரிவைத் திரையில் போட்டார்கள்.
அளவுக் கோளாறால் திரும்பியவை: ஏழு.
"தைக்கிறவன் என்ன பண்றான் அங்க?
ஈரோட்டுக்கு எழுதும்மா."
எழுதினேன்.

நேற்று புது லோடு பிரித்தோம்.
டேப்பைக் கழுத்திலிருந்து உருவி
இரண்டு தரம் பிடித்துப் பார்த்தாள் ஜீவரேகா.
"அக்கா, எல்லாமே ஒரு இஞ்ச் பெருசா வந்திருக்கு."