உலர் எடை

வியாழன் மாலை, சண்டர்லாந்து.
ஆஸ்பத்திரியின் பின்கட்டில் ஏழு நாற்காலிகள்.
ஏழு பேரின் ரத்தமும் வெளியே போய்
அலசிய துணிபோல் திரும்பி வருகிறது.
நாலு மணி நேரம். ஊசி ஏறிய கையை அசைக்கக் கூடாது.
சுவரில் தொங்கும் டிவிக்குக் குரல் கிடையாது,
அடியில் ஓடும் எழுத்து மட்டும்,
அதுவும் படத்துக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு.

இன்றைக்கு, முடிசூட்டு விழா நடந்த கதை.
ரிமோட் பெரில் ட்வெடலின் மடியில்.
அதைப் பிடுங்கும் அளவுக்கு
எங்கள் யாருடைய குழாயும் நீளமில்லை.

முதலில் குதிரைகள்.
கூட்டத்தின் இரைச்சலுக்கு மிரளாதிருக்க
ஆறு வாரம் காதோரம் தகரம் தட்டினார்களாம்.
"என்னையும் அப்படித்தான் பழக்கினாங்க,"
என்றார் ஸ்டான் ப்ரௌட்லாக். கப்பல் பட்டறையில் வெல்டர்.
ராஜா என்ற சொல்லுக்கே மூக்கைச் சுளிப்பவர்.
"ஊரான் வீட்டு நெய், அவங்க வீட்டுக் கை."
பெரில் ஒலி கூட்டும் பட்டனை அழுத்தினாள்,
இல்லாத ஒலியை.

தங்க வண்டி வந்தது. நாலு டன்.
டாக்ஸி ஓட்டும் லிபான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தான்.
"சரி, ரிவர்ஸ் எப்படி எடுப்பாங்க?"
எழுத்து அதற்குப் பதில் சொல்லவில்லை.

மகுடம் இரண்டு கிலோவுக்கு மேல், என்றது எழுத்து.
நான் என் மெஷினைப் பார்த்தேன்:
இன்றைக்கு என்னிடமிருந்து எடுக்க வேண்டிய தண்ணீர்
இரண்டு கிலோ நூறு.
செவ்வாய்க்கிழமையிலிருந்து நானும் ஒன்றைச் சுமந்திருக்கிறேன்,
கணுக்காலில்.

"மூணு மணி நேரம் அந்த அங்கியோட," என்றாள் பெரில்,
"பாவம், அவசரம்னா எங்க போவார்?"
"எனக்கு அந்தக் கவலை விட்டு ஆறு வருஷம்," என்றார் ஸ்டான்.
ஒருத்தர் சிரிக்க, இன்னொருத்தர் சிரிக்க,
மூன்று மெஷின்கள் கோபித்துக்கொண்டு கத்தின.
ரொவீனா வந்து ஒவ்வொன்றையும் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

அப்புறம் எண்ணெய்.
அதைப் பூசும்போது மட்டும் நாலு பக்கமும் திரை கட்டினார்கள்.
கேமராவுக்கு அனுமதியில்லை.
"இதுக்காகத்தானே உட்கார்ந்திருந்தேன்," என்று ஆரம்பித்த பெரில்
வாக்கியத்தை முடிக்கவில்லை.
ரிமோட் தரையில் விழுந்தது.

பிரஷர் இறங்குவது இங்கே புதிதில்லை.
ஆனாலும் நாற்காலி மல்லாந்து, கால் மேலே போய்,
சரக்கென்று பச்சைத் திரை சுற்றி வந்தபோது
எல்லோரும் வாயை மூடினோம்.
அங்கே ஒரு திரை, இங்கே ஒரு திரை,
எழுத்து மட்டும் விடாமல் சொன்னது: இசை. இசை.

அந்த நேரத்தில்தான் மகுடம் வைத்திருக்க வேண்டும்.
நான் பார்க்கவில்லை. நான் ஸ்டானைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஸ்டான் திரையின் அடியில் தெரிந்த இடைவெளியை:
ரொவீனாவின் நீலச் செருப்பு,
இன்னொரு ஜோடிச் செருப்பு,
கழன்று கிடந்த பெரிலின் ஒற்றைக் கம்பளிக் காலுறை.

திரை விலகியபோது டிவியில் மழை,
வண்டி திரும்பிக்கொண்டிருந்தது.
பெரிலின் முகம் சுண்ணாம்பு.
"வச்சுட்டாங்களா?"
"வச்சாச்சு," என்றார் ஸ்டான்.
"நேரா உட்கார்ந்துச்சா?"
"முதல்ல இடது பக்கம் சாஞ்சுது.
பாதிரியார் குனிஞ்சு பார்த்து அரை அங்குலம் திருப்பினார்.
அப்புறம் ஒரு அழுத்து,
ஊறுகாய் ஜாடிய மூடுற மாதிரி."
"அவர் முகம்?"
ஸ்டான் கொஞ்சம் யோசித்தார்.
"தாகமா இருந்த மாதிரி."
பெரில் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள்.
அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

எட்டரைக்கு எடை பார்த்தோம். லிபான் சட்டையை உதறி,
"கழட்டியாச்சு," என்றான்.
வெளியே அவனுடைய டாக்ஸியை இன்னொருவன் ஓட்டி வந்திருந்தான்.

கோட்டு போடும்போது பெரில் சொன்னாள்:
சனிக்கிழமை மறுபடியும் போடுகிறார்களாம்,
இந்தத் தடவை முழுசாகப் பார்த்துவிட வேண்டும்.

ஸ்டான் தொண்டையைச் செருமினார்.
"சனிக்கிழமை ஃபுட்பால் இருக்கே, பெரில்,"
என்றார், இதுவரை அவரிடம் நாங்கள் கேட்டிராத
ஒரு கெஞ்சலில்.