ஒரு ரூபாய்ச் சோதனை

மிசியோன் வீதி மருந்துக்கடையில்
மதியம் இரண்டரைக்குக் கூட்டமில்லை.
கல்லாவில் திலகராணி,
அவள் முன்னால் கார்டைக் காட்டினால் காசு இறங்கும் கருவி.
"ஒரு ரூபாய் போடு" என்றேன்.
"ஒரு ரூபாய்க்கு என்ன மாத்திரை அக்கா?"
"மாத்திரை வேண்டாம். என்கிட்டயே திருடிப் பார்க்கணும்."

லியோனிலிருந்து மருமகன் அனுப்பிய குரலை
அவளுக்கும் போட்டுக் காட்டினேன்:
மெத்ரோ நெரிசலில் ஒருத்தன் உரசிக்கொண்டு போவான் மாமி,
ஜிப் மூடினபடியே இருக்கும்,
பை தோளிலேயே இருக்கும்,
கார்டு மட்டும் உள்ளேயிருந்து பதில் சொல்லிவிடும்.
திங்கட்கிழமை இரவு எனக்கு விமானம்.

முதலில் வெறும் கார்டு.
பீப்.
கைக்குட்டையில் சுற்றி.
பீப்.
தோல் பர்சில். இருபது வருஷத்துப் பர்சு,
தையல் விட்டாலும் என்னை விடாது என்றிருந்தேன்.
பீப்.
மெல்லிசான ஜெபப் புத்தகத்தில்
துக்க தேவ ரகசியங்கள் இருக்கும் பக்கத்தில் வைத்தேன்.
அதற்கும் பீப்.
"ஐயாயிரம் வரைக்கும் ரகசிய எண்ணே கேட்காது" என்றாள்,
நாலு ரூபாய் ரசீதைச் சுருட்டியபடி.

இரண்டு கார்டைச் சேர்த்து வைத்தோம்.
கருவி திகைத்துப் போனது.
இரண்டு சம்பந்திகள் ஒரே நேரத்தில் பேசினால்
பந்தலில் நிற்பவர் முழிப்பாரே, அப்படி.
ஆனால் லேசாக நகர்த்தினதும்
ஒருத்தர் குரல் மேலெழும்பியது. பீப்.
அதையும் நம்ப முடியாது.

பிறகுதான் தன் மதியச் சாப்பாட்டுப் பையிலிருந்து
பிரியாணி வந்த அலுமினியத் தாளை எடுத்தாள்.
உள்ளே ஒரு பட்டை, மூன்று பருக்கை.
பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள்,
ஊசி போடப் போகிறவள் மாதிரி.
சுற்றினோம். காட்டினோம். அழுத்தினோம். தேய்த்தோம்.
ஒன்றுமில்லை.
அப்படியொரு அமைதியை நான் பூசை நேரத்தில்கூடக் கேட்டதில்லை.
கொஞ்சம் ஏலக்காய் வாசனை மட்டும்.

பாஸ்போர்ட்டைச் சோதிக்க அங்கே கருவி இல்லை.
அது அவ்வளவு சுலபத்தில் வாய் திறக்காது என்று
மருமகனே சொல்லியிருந்தான்:
படப் பக்கத்தின் அடியில் இரண்டு வரி,
கோழி கிளறின மாதிரிக் குறிகள், நடுவே எண்,
பிறந்த தேதி, முடியும் தேதி.
அதைப் படித்துக் காட்டினவனுக்குத்தான் சில்லு பேசும்.
பூட்டுக்குள்ளேயே சாவி.
சிவப்பு அட்டையையும் சுற்றிக்கொண்டேன்,
மிச்சத் தாளில்.

நாலு மணிக்கு, கான்சுலேட் பக்கத்துச் சந்தில்
ஒரு டீயும் மெதுவடையும்.
வடை சுற்றி வந்த காகிதத்தில் ஒரு முகம்.
கோணலாக விழுந்த ஜெராக்ஸ், கடைக்காரன் ஒதுக்கியது.
ழான் மரி ரத்தினசாமி என்கிற ஒருவர்,
பிறந்தது காரைக்கால், எழுபத்தொன்றில்.
எண்ணெய் ஊறி இடது கன்னம் கண்ணாடியாகியிருந்தது.
கீழே அந்த இரண்டு வரி,
ஒரு எழுத்துகூடக் கலையாமல்.

வடையை அப்படியே பிடித்தபடி
என் நகல்களை எண்ணத் தொடங்கினேன்:
சிம் கார்டு வாங்கின கடை,
வேளாங்கண்ணி லாட்ஜ் இரண்டு தடவை,
டிராவல்ஸ்காரர், இன்ஷூரன்ஸ் பையன்,
கேஸ் இணைப்புக்கா, வங்கிக்கா, அதற்கும் கேட்டார்களே,
இதே ஜெராக்ஸ் கடையில் போன மாதம்
மங்கலாக விழுந்ததென்று
மூன்று தரம் எடுக்கச் சொன்னது நான்தான்.
மங்கலான இரண்டும் எங்கே?
எந்த வடை?

ரத்தினசாமியின் இரண்டு வரியைக் கிழித்து
டீயின் அடியில் முக்கினேன்.
தாள் கூழானது. எழுத்து அசையவில்லை.
ஜெராக்ஸ் மை டீக்கெல்லாம் கரையாது போலிருக்கிறது.
சுண்டுவிரலால் எடுத்து உதறி, முகத்தையும் மடித்து,
என் பாஸ்போர்ட்டோடு சேர்த்து
பிரியாணித் தாளுக்குள் வைத்துக்கொண்டேன்.
திங்கட்கிழமை அவரும் வருகிறார்.

"பதினெட்டு ரூபாய். கூகுள் பே இருக்கு, கார்டும் தட்டலாம்"
என்றார் டீக்கடைக்காரர்.
பர்சைத் திறந்து
சில்லறையாக எண்ணினேன்.